ஓர் அங்குலம் தள்ளிப் போட்ட கோடு

நஜ்முன் நிஸா. பிறப்பு: 1974, குறிஞ்சாக்கேணி. தொழில்: தையல், 1996 முதல் ஒரே வீட்டில், இரண்டு இயந்திரங்களில். கணவர் ஸஹாப்தீன், கடலோரக் களப்பு நீரில் இறால் பிடிப்பவர்.

பள்ளிக்கூட உடுப்பென்றால், பிள்ளை வளரும் என்று எந்த அளவையும் ஓர் அங்குலம் கூட்டியே நிஸா வெட்டுவார். ஜனவரியில் தைத்த சட்டை உடம்புக்குச் சரியாக வருவது நவம்பரில்தான்.

2023 ஓகஸ்ட் 14, திங்கட்கிழமை, களப்பில் கிடந்த சிப்பி ஓடு ஸஹாப்தீனின் வலது கெண்டைக்காலைக் கீறியது. மறுநாள் கீறலைச் சுற்றிச் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது, நோவும் கூடியது. பக்கத்து வீட்டுத் தாதி அஸ்மியா வந்து பார்த்து, தோலுக்குள் கிருமி இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஸஹாப்தீன் தமக்கு வேலை இருப்பதாகச் சொன்னார். ஊசிக்குப் பயம் என்பதை அவர் இப்படித்தான் சொல்வது வழக்கம்.

"அப்ப சிவப்பின்ர ஓரத்தில பேனையால கோடு போட்டு வைங்க ராத்தா. சிவப்பு அதைத் தாண்டினாலும், காய்ச்சல் வந்தாலும், இவர்ர கதையக் கேக்காமக் கூட்டிப் போங்க," என்றார் அஸ்மியா நிஸாவிடம்.

நிஸா கோடு போட்டார். அவ்வளவு அழகான வளைவை அவர் எந்தக் கழுத்துக்கும் வெட்டியதில்லை.

புதன் காலை சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தது. ஸஹாப்தீன் வாசலில் கதிரை போட்டு அமர்ந்து, போவோர் வருவோருக்கெல்லாம் காலைக் காட்டினார். நண்பகல் வெயிலில், குளிருகிறது என்று போர்வை கேட்டார். நிஸா நெற்றியைத் தொட்டார், கொதித்தது. காலைப் பார்த்தார். சிவப்புக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு நூலளவே மிச்சம். தமது கை செய்த வேலை அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இஞ்சருங்க, கோட்ட ஓர் அங்குலம் தள்ளிப் போட்டுட்டன்."

"ஏன் புள்ள?"

"வளரும்தானே எண்டு."

ஸஹாப்தீன் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். "எப்பிடியோ, கோட்டத் தாண்டல்லதானே."

"கோட்ட விடுங்க. கால் வேணுமெண்டா எழும்புங்க."

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் வைத்தியர். பழைய கோட்டை அழித்து, சிவப்பின் விளிம்பிலேயே புதிதாக ஒன்றை வரைந்தார். நிஸா குனிந்து பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்ல நேர்ந்தது.

அன்றிலிருந்து நிஸா கால்கள் இரண்டையும் காலைதோறும் தையல் நாடாவால் அளந்தார். முதல் நாள் வலது கெண்டைக்கால் பதினைந்தரை அங்குலம். வீடு திரும்பிய ஓகஸ்ட் 21ஆம் திகதி வலது பதினான்கு, வீங்காத இடது பதின்மூன்றே முக்கால்.