சுறா வறையும் ஜெசீமா அக்காவின் கிணறும்

ஓமம் வறுக்கிற மணம் மூக்கில் பட்டால் எனக்கு இப்போதும் வெட்கம் வரும்...

நேற்று மனைவி குசினியில் சின்னவனுக்கு ஓமத் தண்ணீர் வைத்தாள். நான் கதிரையில் இருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, விசரே உங்களுக்கு?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு முதல் வேலை. கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கிற குழுவில் உதவியாளர். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

மறிச்சுக்கட்டி என்ற ஊரில் ஒரு கிழமை முகாம். பாலை மரத்துக்குக் கீழே இரண்டு கூடாரம், ஒரு ஜீப், பெட்டி நிறையச் சாம்பிள் போத்தல்.

குழுத்தலைவர் குணம் அண்ணர். நல்ல மனுசன்தான், ஆனால் சொன்னால் சொன்னதுதான். "முகாமில சமைக்கிறதைத் தவிர வேற ஒண்டும் தின்னக்கூடாது. மீறினா அடுத்த பஸ்ஸில வீட்டை போகலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் பையின் அடியில், தேங்காய்ப்பூ போட்டு அம்மா வறுத்துக் கட்டித் தந்த சுறா மீன் வறை இருந்தது!

முதல் நாளே வறையில் பாதி முடிந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் திறந்தால் தேங்காய்ப்பூ இலேசாகப் புளித்த மணம். வேறு ஊர்க்காரன் என்றால் எறிந்திருப்பான். நான் தாழ்வுபாட்டான், கடற்கரை ஊர்ப் பிள்ளை. அப்பா கடலில் கிடந்து பிடித்த மீனை மண்ணில் கொட்ட எனக்குக் கை வருமா? ஜீப்புக்குப் பின்னால் குந்தியிருந்து வழித்து நக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் வேலைக்குப் போனேன்.

அன்று கடைசிக் கிணறு ஜெசீமா அக்காவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். தகரக் கொட்டில், இரண்டு பிள்ளைகள். போத்தலில் தண்ணீர் எடுத்த பிறகு, தாகத்துக்கு நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

விடிந்ததும் தொடங்கியது... எத்தனை தரம் ஓடினேன் என்று அந்தப் பற்றைக்குத்தான் தெரியும்.

"நேற்று எங்கயடா தண்ணி குடிச்சனீ?" குணம் அண்ணர் கேட்டார்.

"ஜெசீமா அக்கா வீட்டில..."

பொய் இல்லைத்தானே? வறையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் உடனே ஜீப்பைத் திறந்து சிவப்புப் பெயின்ற் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.  சிவப்புக் குறி விழுந்தால் அந்தக் கிணற்றில் யாரும் குடிக்க முடியாது. அந்தப் பக்கத்து எட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். மற்றக் கிணறு யானை வருகிற காட்டோரம், இரண்டு மைல். குறியை அழிக்க வைப்பதென்றால் கந்தோர் கந்தோராக மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கதை எப்படியோ ஜெசீமா அக்காவின் காதுக்குப் போய்விட்டது. தலையில் முக்காடு, கையில் கேத்தலோடு விறுவிறென்று வந்தா.

"பெயின்ற் அடிக்கிறது பிறகு. முதல்ல இந்த சேரைப் பாருங்க, வாடிப் போய்க் கிடக்கிறார்."

கேத்தலில் உப்பும் சீனியும் போட்ட தண்ணீர். "இது எந்தத் தண்ணி?" குணம் அண்ணர் சந்தேகத்தோடு கேட்டார்.

"அதே கிணத்துத் தண்ணிதான். கொதிக்க வச்சு ஆத்தினது." சொல்லிவிட்டு ஒரு கோப்பை ஊற்றித் தானே முதலில் குடித்துக் காட்டினா. என்ன துணிவு!

"மடக்குமடக்கெண்டு குடிக்காதீங்க சேர், குடிச்சதெல்லாம் சத்தியா வெளிய வந்திரும். நாக்கை நனைச்சு நனைச்சு..."

பிறகு மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினா. வயிற்றுக் குத்துக்கு ஓமம் வறுத்து அவித்தா. போக்கு நிற்க, காய்ந்த மாதுளந்தோல் அவித்த தண்ணீர். சீ, என்ன கயர்! அதற்குப் பிறகு உப்புப் போட்ட சிவப்பரிசிக் கஞ்சித் தண்ணீர். குணம் அண்ணரிடம் திரும்பி, "இரத்தம் கண்டாலோ, மத்தியானத்துக்குள்ள குறையாட்டியோ என்ட கசாயத்தை நம்பிக்கொண்டு இருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க" என்றா. தன் மருந்து எதுவரை என்று தெரிந்த ஆள். அதற்கே கும்பிடலாம்.

கஞ்சி உள்ளே போனதும் என் வாயால் சத்தமாக ஒரு பெரிய ஏவறை வந்தது.

அவவின் மூக்கு சுருங்கியது. கிட்டக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கிணத்தில சுறா இல்லையே சேர்?" என்றா.

அவ்வளவுதான். சத்தம் போட்டிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். வாயைத் திறக்காமல் சட்டி கழுவப் போய்விட்டா.

மத்தியானம் வயிறு அடங்கியது. குணம் அண்ணர் திருப்புளியால் டின் மூடியைக் கிளப்பத் தொடங்கினார். அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை... தண்ணியால இல்லை. பழுதாப்போன சுறா வறை திண்டனான். ஒளிச்சு."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு மூடியை அடித்து இறுக்கினார். "எருமை! ஒரு ஊரின்ர வாயில மண் போடப் பாத்தியேடா!" அந்த ஏச்சு இன்றைக்கும் காதில் நிற்கிறது. வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை, புண்ணியவான். முகாம் முடிய முதல் சாம்பிள் முடிவு வந்தது. சுத்தமான தண்ணீர். கிணற்றில் நீலக் குறி விழுந்தது.

கூடாரம் பிடுங்கிய அன்று ஜெசீமா அக்கா ஒரு பொட்டலம் ஓமம் தந்தா. "போயிட்டு வாங்க தம்பி" என்றா. அதுவரை நான் 'சேர்'.

இப்போது நான்தான் குழுத்தலைவர். ஜீப்பில் குளிசைப் பெட்டி, கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள் பக்கெற், சீல் வைத்த தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இருக்கிறது. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு வயிறு குழம்பினாலும் குளிசைக்கு முதல் நான் கேட்கிறது ஒன்றைத்தான்... "உண்மையைச் சொல்லு, என்ன திண்டனீ?"

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கல்வீடு, அக்காவுக்குக் கண்ணாடி, கிணறு அதேதான். நீலம் மங்கிப் போயிருந்தது. கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்தா. நான் கை நீட்ட, கோப்பையைப் பின்னுக்கு இழுத்தா.

"முதல்ல சொல்லுங்க தம்பி, வழியில என்ன திண்டீங்க?"

"ரெண்டு றோல்ஸ், ஒரு பிளேன்ரீ, அரை வாழைப்பழம்" என்றேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

பிறகுதான் தண்ணீர் தந்தா.