திடுக்கிட்டால் வரும் சொல்

ரொக்காயாவுக்கு லாத்தா என்ற திடுக்கிடும் கோளாறு இருப்பது மலேசியாவின் கிளந்தான் ஆற்றோரத்துக் கிராமமான அந்தக் கம்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து இடுப்பில் ஒரு குத்து போதும். திடுக்கிட்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, காதில் விழுந்த சொல்லையே கூவுவாள், கெட்ட வார்த்தையும் கலந்து. கல்யாணச் சமையலுக்கு அவளைக் கூப்பிடுவதே பாதி அந்தச் சிரிப்புக்குத்தான். அதிகம் குத்தியவள் தங்கை ஏசா.

அன்று பக்கத்து வீட்டுத் தீமாவின் மகளுக்குக் கல்யாணம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரொக்காயாவின் வலது கையிலிருந்து மூடி நழுவியது.

"மூடி விழுந்துடுச்சுக்கா," என்றாள் ஏசா.

"மூடி... மூடி... மூடி..."

"ஆரம்பிச்சுட்டா! யாருடி குத்தினது?" அடுப்படியிலிருந்து தீமா கத்தினாள்.

"யாரும் குத்தல. மாப்பிள்ளையப் பாத்தே மிரண்டுட்டா போல!" என்றாள் ஏசா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, தீமா கிழவின்னு சொல்லு பாப்போம்."

"மூடி," என்றாள் ரொக்காயா. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அதையும் சேட்டை என்றே நினைத்தார்கள்.

மதியம் சாப்பாடு வைத்தபோது எச்சில் வழிய அப்படியே சரிந்தாள்.

"பேச்சு எப்பக் குழற ஆரம்பிச்சது?" ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"காலையில எட்டு மணிக்கு," என்றாள் ஏசா.

"இப்ப மூணு ஆகுது. ஏம்மா இவ்வளவு நேரம்?"

"சிரிச்சுக்கிட்டு இருந்தோம், டாக்டர்."

மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது. யாரும் குத்தவில்லை என்று தன் வாயாலேயே சொல்லியும் புரியாமல் போனதை ஏசாவால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறாள். கஞ்சியைக் கெட்டியாக்கி, விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஊட்டுகிறாள். "என் பேரு சொல்லுக்கா" என்று தினமும் கேட்கிறாள். ரொக்காயா உதட்டைக் குவித்துப் பார்ப்பாள். கண்ணில் நீர்தான் வரும்.

போன மாதம் பானை மூடி கை தவறி விழுந்தது. "ஐயோ, மூடி!" என்றாள் ஏசா. ரொக்காயா திடுக்கிட்டு, பழைய குரலில் தெளிவாகக் கூவினாள்: "மூடி! மூடி!"

அக்காவை இனி யாரும் திடுக்கிட வைக்கக் கூடாது என்று ஏசா கம்பம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் சில நாள், அந்தக் குரலைக் கேட்காமல் தாங்க முடியாதபோது, தன் பெயரை உரக்கச் சொல்லி மூடியைக் கீழே போடுகிறாள்.

"ஏசா! ஏசா!" என்று பயந்து கூவுகிறாள் ரொக்காயா.