அம்புக்குறி விழுந்த வாசற்படி

அரசாங்கம் ஒரு வீட்டில் சிவப்பு பெயிண்டால் அம்புக்குறி போட்டால் அந்த வீட்டை இடிக்கப் போகிறது என்று நான் நம்பினேன். நம்புவதற்குத் தகுதியான ஆள்தான் நான். தல்லாகுளத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே, மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அரசாங்கத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதால் பாதி அரசாங்கம் நான்தான் என்று, எழுமலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான்.

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் கரிசல் மண். ஒரு மழை பெய்துவிட்டால் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். ரோடு கேட்டு வருஷம் தவறாமல் ஊர் சார்பில் மனு போட்டேன். படிப்பவர் மனம் இளக வேண்டுமே என்று, பங்காளி வீட்டுப் பசுமாடு சேற்றில் சிக்கியதையும் சேர்த்துக்கொள்வேன். உண்மையில் அது சிக்கியது ஒரே தடவை. மனுக்களில் ஆறு தடவை சிக்கியது. கடைசி இரண்டு தடவை சினையாகவும் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, குக்கிராமங்களுக்கெல்லாம் தார் ரோடு போட அரசு பணம் ஒதுக்கியபோது எங்கள் ஊரும் பட்டியலில் வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலை காய்ந்து உதிர்வதற்குள், ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், எங்கள் வாசலில் நடுப்படியில் சிவப்பு பெயிண்ட். ஒரு கோடு, கோட்டைத் தொட்டபடி வீட்டைப் பார்த்து ஓர் அம்பு, பக்கத்தில் நூறு என்று எண்.

"யாரு வந்தது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"சர்வேக்காரவுக. முக்காலி மாதிரி ஒரு மிஷினக் கொண்டாந்தாக. பெயிண்ட் அடிச்சாக, தண்ணி வாங்கிக் குடிச்சாக, போய்ட்டாக."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"உங்களுக்குத்தேன் எல்லாம் தெரியுமே. நான் எதுக்கு அவுகளக் கேக்கணும்?"

அந்தப் படிகள் அவளுடையவை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஒரு பாறாங்கல்லில் கால்வைத்து வீடேறியவள், கொத்தனாரான தன் தம்பியை விரட்டி விரட்டி முந்தைய வருஷம்தான் மூன்று படி கட்டியிருந்தாள். சிவப்பு ஆக்ஸைடு பூசிய படிகள். தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பாள். அதில் பாதி அக்கறையை என்மேல் காட்டியிருந்தால் நானும் பளபளவென்று இருந்திருப்பேன்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனையூரில் என் கூட்டாளி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரிலும் இப்படித்தான் சிவப்பில் குறி போட்டார்கள். பத்தாம் நாள் மிஷின் வந்தது, சுவர் போனது. நூறு என்றால் நூறு அடி. டேப்பை எடுத்து அம்பு காட்டிய திக்கில் அளந்தேன். ஹாலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, மாட்டுக்கொட்டத்தைத் தாண்டி, பங்காளி வீட்டுக் குளியலறைக்குள் போய் நூறு முடிந்தது. அந்தக் கடைசி எட்டடியில் மட்டும் சின்ன ஆறுதல்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் யோசனை உதித்தது. ஆக்கிரமிப்பைத் தானாக எடுத்துக்கொள்கிறவனை அரசு கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கும் என்று மரத்தடியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீடு ஆக்கிரமிப்பே இல்லை, பட்டா இடம். பயம் வந்துவிட்டால் பட்டாவாவது ஒன்றாவது. படியைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்து மச்சினனைக் கூப்பிட்டேன். சம்மட்டியோடு வந்தவன் படியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மச்சான், இது நான் கட்டுனது. அம்புட்டு லேசுல வராது."

"வராதத வரவைக்கத்தேன் மாப்ள உன்னையக் கூப்பிட்டது."

"அவுக வந்து ஒரு வார்த்த கேக்கட்டுமே."

"கேட்டுட்டு இடிக்க அவுக என்ன சம்பந்தம் பேசவா வாராக?"

அரைநாள் பிடித்தது. என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொன்னாள்: "ரோடு வேணும் ரோடு வேணும்னு அடிச்ச கையி இதுதேன?"

அதே கையால் மறுநாள் இன்னொரு மனு அடித்தேன். மனுதாரர் தனது முன்வாசற்படிகள் மூன்றையும் தாமாகவே முன்வந்து அகற்றிவிட்டபடியால், வீட்டை விட்டுவைத்து, சாலையைச் சற்றே தள்ளிப் போட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். பசுமாட்டை இதிலும் சேர்த்தேன். பழக்கதோஷம்.

ஒரு வாரத்தில் ஜீப் வந்தது. ரோட்டு இன்ஜினியர் ஒருவர் இறங்கி, கையில் நோட்டை விரித்துக்கொண்டு எங்கள் வாசலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க இருந்த படிய நெசமாவே எடுத்துட்டீங்களாங்க?"

"அகத்தியாச்சு சார். நானே முன்ன நின்னு அகத்திட்டேன்."

"எதுக்குங்க?"

"நீங்க நூறு போட்டிருந்தீகளே, சார்."

அவர் ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டார். "அது அடி இல்லைங்க. அந்தப் படியோட உயரத்த நூறுன்னு வச்சுக்கிட்டு, ரோடு எங்க மேடு, எங்க பள்ளம்னு ரெண்டு மைலும் அதுலருந்துதான் அளந்திருக்கோம். வேலை முடியிற வரைக்கும் அசையாத எடமா வேணும்னு ஊர் பூராத் தேடினோம். இந்தப் படிதான் கெட்டியா இருந்துச்சு."

"நான் சொல்லல?" என்றான் பின்னாலிருந்து மச்சினன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இன்ஜினியர் நோட்டுக்குள்ளிருந்து என் மனுவை எடுத்து ஒருமுறை பார்த்தார். "உங்க பழைய மனுவெல்லாம் ஃபைல்ல இருக்கு, படிச்சேன். மாடு இப்ப எப்பிடிங்க இருக்கு?"

ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை.

பம்ப்செட் ரூமின் அடிச்சுவரில் புதிதாக ஒரு குறி போட்டு, இரண்டு மைலையும் மறுபடி அளந்தார்கள். தார் ரோடு எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் போனது. ஓர் அங்குலம்கூட எங்களிடமிருந்து எடுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் பஸ் வந்து வாசலுக்கு நேராக நின்றது. கொல்லையில் கிடந்த பழைய பாறாங்கல்லை உருட்டிக்கொண்டுவந்து போட்டிருந்தேன். அதில் கால்வைத்து இறங்கித்தான் என் மனைவி பஸ் ஏறினாள்.