எங்கள் லயத்துக்காக வானம் பார்த்தவர்

வலப்பனையில் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டார். "அண்ணி எந்திரிக்கல தங்கச்சி" என்றார். கட்டிய சேலையோடு பஸ் ஏறிக் கந்தப்பளைக்குப் போனேன்.

தனலெட்சுமி அண்ணியைத் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் அவரும் கொழுந்து எடுத்தவர்தான். எங்கள் அம்மா விழுந்து படுத்தபோது, தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வீட்டோடு நின்றார். நிற்க வேண்டியவள் நான். அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். "நீ படிக்கிற வேலையப் பாரு. வீடு எங்கயும் ஓடிறாது" என்றார். அன்றிலிருந்தே என்னை டீச்சரம்மா என்று கேலியாகக் கூப்பிடத் தொடங்கியும் விட்டார். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, முதுகில் ஒரு புண் வராமல் கடைசிவரை வைத்திருந்தார். அம்மாவுக்கு வாய் அதிகம். "இன்னைக்கு மாமியாருக்குத் தெம்பு வந்திருச்சு, நல்லா ஏசுறாங்க" என்று அண்ணி சிரிப்பார்.

அம்மா போன பிறகும் அண்ணி கொழுந்தெடுக்க மலைக்குத் திரும்பவில்லை. அதற்குள் எங்கள் வீட்டு வரிசை, லயமே, அவரை நம்பிப் பழகிவிட்டது. பெண்கள் விடியவே உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல் கொழுந்துக்குப் போவார்கள். எங்கள் பக்கத்து மழைக்கு நேரம் காலம் ஏது? எதிர் மலையில் மூட்டம் இறங்கினால் அண்ணி அடுப்பை விட்டு ஓடுவார். எல்லோருடைய உடுப்பையும் எடுத்து, வீடு வீடாகப் பிரித்து மடித்து வைப்பார். எந்தச் சட்டை எந்த வீட்டுப் பிள்ளையுடையது என்று அவருக்குத் தெரியும். மலையில் நனைந்து வருகிறவர்களுக்குக் காய்ந்த உடுப்பு காத்திருக்கும்.

போன வருடம் யாரோ ஒருவர், அண்ணி ரொட்டி சுடுவதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டார். இவர்தான் குடும்பப் பெண், வேலை வேலை என்று அலைகிற பெண்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று மேலே எழுதியிருந்தார். கேட்க வேண்டுமா? கீழே ஒரே சண்டை. ஒரு கூட்டம் அண்ணியைத் தெய்வமாக்கியது. இன்னொரு கூட்டம் சும்மா உட்கார்ந்து தின்கிறவள் என்றது. இரண்டு கூட்டத்திலும் ஒருவராவது தான் தின்ற கோப்பையைக் கழுவியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பதில் எழுதப் போன என் கையை அண்ணிதான் பிடித்தார்.

"வேணாம் விடு. செல்விதான் பாவம். அவ மலைக்குப் போயித்தானே புள்ளைங்கள வளக்குறா. என் படத்தப் போட்டு அவளையில்ல ஏசுறாங்க."

பக்கத்து வீட்டுச் செல்வி என்னோடு படித்தவள். புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறவள். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அவள் அண்ணியோடு பேசவில்லை. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அண்ணியை விட்டு ஒதுங்கினார்கள். அண்ணி உடுப்பு எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. செல்வி வீட்டுடையதையும் மடித்து அவள் வாசலில் வைப்பார். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அது அண்ணியை உள்ளுக்குள் அரித்தது.

கடைசியாக நான் போனபோது, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "நான் செத்தா மலையிலருந்து யாராச்சும் எறங்கி வருவாங்களா டீச்சரம்மா?"

"என்ன பேச்சு அண்ணி இது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் பேர் பதிந்தவர் இறந்தால் அரை நாளோடு வேலையை நிறுத்தி எல்லோரையும் அனுப்புவார்கள். பேரை வெட்டிக்கொண்ட அண்ணிக்கு அது கிடையாது. அடக்கத்தன்று காலை பெண்கள் வழக்கம்போல மலைக்குப் போனார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்கும் குறுக்குப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகையைவிட, யாரும் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மத்தியானம், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கூடைகளோடு வரிசையாக இறங்கி வந்தார்கள். செல்வி முன்னால் வந்தாள். பாதியில் போனால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் போடுவேன் என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம்.

"போட்டா போடட்டும். அக்காவ இப்பப் பாக்காம வேற எப்பப் பாக்குறது" என்றாள். பிறகு அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த பேசாம விட்டுட்டேனே அக்கா" என்று கதறினாள். நாங்கள் யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்றும் நிலையில் யாரும் இல்லை.

பெண்கள் லயத்து முனை வரைதான் போனோம். பெட்டி திருப்பத்தில் மறைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால், லயத்துக் கொடி முழுக்க உடுப்புகள் சொட்டச் சொட்டத் தொங்கின. அண்ணி பெட்டியில் கிடந்த அந்தக் காலையிலும், கைப்பழக்கத்தில், வானத்தைப் பார்க்காமலே காயப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செல்விதான் முதலில் ஓடினாள். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தவள், ஒரு சின்னச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது யார் வீட்டுது?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

போய்ட்டு வாங்க அண்ணி. மலையிலருந்து எல்லாரும் எறங்கி வந்தாங்க.