அஞ்சு பீஸ் கமெண்ட்டும் ஒரு மஞ்சள் டேக்கும்

1. சாத்திய கதவு

எச்.ஆர். பிரபாகர் சார் யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். அன்று என்னை உட்காரச் சொன்னதோடு, தானே எழுந்து போய்க் கதவையும் சாத்தினார்.

கார் டேஷ்போர்டுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி எங்களுடையது, ஒரகடம் பக்கம். நான் அங்கே குவாலிட்டி சூப்பர்வைசர். குவாலிட்டியில் ரொம்ப வருஷம் இருந்தால் ஒரு வியாதி வந்துவிடும். பளபளவென்று எது கைக்கு வந்தாலும் கீறல் எங்கே என்று திருப்பிப் பார்க்கத் தோன்றும். மரியாதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சார் தன் போனை என் பக்கம் திருப்பினார். டெக்னாலஜி செய்தி போடும் ஒரு சேனலில் எங்கள் கம்பெனியைப் பற்றிய வீடியோ. 'மனிதக் கண் இனி தேவையில்லை, குறையைத் தானே கண்டுபிடிக்கும் ஏஐ கேமரா' என்று தலைப்பு. கீழே ஒரு கமெண்ட்டுக்கு ஏகப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள்.

'மொத்தம் அஞ்சு பீஸ்தான் இருக்கும். அதையே சுத்திச் சுத்தி விட்டிருப்பாங்க. கேமராவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.'

எழுதியவர் பெயர் 'சும்மா ஒரு ஆள்' என்று இருந்தது.

"இது யாருன்னு உங்களுக்குத் தெரியும் மேடம். சொல்லுங்க."

"தெரியாது சார்."

"உங்க லைன் டிரெய்னி இசக்கிமுத்துதான?"

போனை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். கமெண்ட்டில் இருந்தது அத்தனையும் உண்மை. அதுதான் சங்கடம்.

2. ஷூட்டிங்

மாஸ்டர் பீஸ் என்று ஒன்று உண்டு. இதில் குறை எதுவும் இல்லை என்று கஸ்டமரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பீஸ். லைனில் வருவதை அதோடு ஒப்பிட்டுத்தான் பாஸ் பண்ணுவோம். அது இருக்கும் அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

புதுக் கேமரா வந்த நாளிலிருந்து அதற்கும் எனக்கும் ஒத்துப் போகவில்லை. டியூப் லைட் வெளிச்சம் பட்டால் நல்ல பீஸைத் தள்ளிவிடும். நகத்தால் கீறியது போலக் கோடு இருந்தால் சத்தமில்லாமல் அனுப்பிவிடும். வீடியோ எடுக்க ஆள் வந்த அன்றைக்கும் அதே கதைதான். பிளான்ட் ஹெட் என்னிடம் வந்து, "மாஸ்டர் பீஸ் அஞ்சையும் எடுத்துக் குடுங்க மேடம்" என்றார்.

"எதுக்கு சார்?"

"வீடியோவுக்குத்தான். சினிமாவுல நெஜமாவா அடிச்சிக்கிறாங்க?"

கொடுத்தேன். கன்வேயரின் கடைசியில் நின்றவன் இசக்கிமுத்து. கேமராவைத் தாண்டி வந்த பீஸை எடுத்துக்கொண்டு, படம் எடுப்பவர்களுக்குப் பின்னால் நடந்து போய், மறுபடியும் முதலில் வைப்பது அவன் வேலை. வீடியோவில் பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. அந்த வீடியோவைத்தான் பிறகு கேமராவுக்கு அனுமதி கேட்டுக் கஸ்டமருக்கும் அனுப்பிவைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

3. கேன்டீன் விஞ்ஞானி

இசக்கிமுத்து மேல் சந்தேகம் வருவதற்கு அவனே வழி பண்ணி வைத்திருந்தான். எங்கள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் செய்தி படிப்பதில்லை, செய்திக்குக் கீழே இருக்கும் கமெண்ட்டைத்தான் படிப்போம். தென்காசிப் பக்கத்துப் பையன் அவன், வாசிக்கிற வேலையும் அவனுடையது. துணி மடிக்கும் ரோபோ என்று செய்தி வந்தால், "மனுசன் மாதிரி ரோபோன்னா மடிக்காதுல்லா, சேர் மேல தூக்கிப் போடும்லா" என்பான். அதையே 'கேன்டீன் விஞ்ஞானி' என்ற பெயரில் எழுதியும் போடுவான்.

எங்கள் செக்கிங் டேபிளில் இருக்கும் கோமதி மணிமங்கலத்துக்காரி. செவ்வாய்க் கிரகத்தில் பழைய ஏரி இருந்த தடம் என்று அவன் படித்தபோது, "அங்கயும் ஏரிக்குள்ள பிளாட் போட்டு வித்துக்கினு கீறானுங்களான்னு கேட்டுப் போடு" என்றாள். போட்டான். கம்பெனி முழுக்க அது அவன் எழுதியது என்று தெரியும். பிரபாகர் சாருக்கும் தெரியும். அவரே ஒரு தடவை சிரித்திருக்கிறார்.

அந்த மாதம்தான் அவன் டிரெய்னிங் முடிந்து கன்ஃபர்மேஷன் வர வேண்டியது. ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆனால்தான் பூ வைப்போம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நீயாடா எழுதினது?"

"இல்லக்கா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"நான் எழுதியிருந்தா இதவிட நல்லா எழுதியிருப்பேன்க்கா."

அது உண்மை மாதிரியும் இருந்தது, தப்பிக்கிற பேச்சு மாதிரியும் இருந்தது. அவனை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே அவனை நம்புவதற்கு எனக்குப் பயமாக இருந்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. அந்தக் கமெண்ட்டுக்குக் கீழேயே, 'அண்ணாச்சி, நீங்க எந்தக் கம்பெனி?' என்று கேட்டுப் போட்டான். மறுநாள் பதில் வந்தது. 'நான் கோயமுத்தூருங்க தம்பி. பம்ப் கம்பெனில இருந்தேன். அங்க நாங்க அப்படித்தான் பண்ணுவோம். இருட்டுல ஒரு கல்ல வுட்டுப் பாத்தேன். ஆரு மேலயாச்சும் பட்டுருச்சுங்களா?'

இசக்கிமுத்து அதை எடுத்துக்கொண்டு எச்.ஆர். அறைக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கேள்வியும் நீதான், பதிலும் நீதான், ரெண்டு பேருல அக்கவுண்ட் வச்சிருக்கேங்காருக்கா."

சந்தேகப்படுகிறவருக்கு ஆதாரமே சந்தேகத்துக்குத் தீனி. எனக்கும் அதே வியாதி இருப்பதால் அது புரிந்தது.

4. மஞ்சள் டேக்

மறுபடி கதவு சாத்தினார்கள். இந்தத் தடவை பிளான்ட் ஹெட்டும் இருந்தார். சூப்பர்வைசர் என்ற முறையில், கமெண்ட் போட்டது இசக்கிமுத்துதான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிடலாம்.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. குறை கண்ணுக்குத் தெரிந்தால் சிவப்பு டேக் கட்டி உடைக்க அனுப்புவோம். சந்தேகம் மட்டும் இருந்தால் மஞ்சள் டேக் கட்டி ஓரமாக வைப்போம், நிரூபணம் ஆகும்வரை அதை யாரும் உடைக்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. மஞ்சளைச் சிவப்பாக்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

"மஞ்சள் டேக் போடச் சொன்னா போடுறேன் சார். எனக்கும் சந்தேகம் இருக்கு. சிவப்பு போட மாட்டேன்."

"இது பிளாஸ்டிக் மூடி இல்ல மேடம்."

"அதனாலதான் சார்."

பிளான்ட் ஹெட் முகம் சுருங்கியது. நீட்டிய பேனாவை மேஜை மேலேயே திருப்பி வைத்தேன். என் வேலையும் அந்த மேஜை மேல்தான் இருந்தது. கடைசியில் இசக்கிமுத்துவின் கன்ஃபர்மேஷனை நிறுத்தி வைத்தார்கள். லைனில் இருந்து எடுத்து ஸ்டோரில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள். கேன்டீனில் அவனோடு உட்கார ஆளில்லை. போனைத் தொட்டாலே பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது. கோமதிகூட, "இன்னாத்துக்குக்கா வம்பு" என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அது எனக்கு வலித்தது.

5. நோட்டீஸ்

பிரபாகர் சாருக்கு அதோடு மனசு ஆறவில்லை. ஒரு நோட்டீஸ் அடித்தார். 'நமது ஏஐ கேமரா செயல்விளக்கத்தின்போது ஐந்து மாஸ்டர் பீஸ்களை மட்டுமே திரும்பத் திரும்ப ஓட்டியதாக வலைத்தளங்களில் பொய்த்தகவல் பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' கேன்டீன், லாக்கர் ரூம், மெயின் கேட் என்று எல்லா போர்டிலும் ஒட்டச் சொன்னார். கமெண்ட்டில் 'பீஸ்' என்றுதான் இருந்தது. 'மாஸ்டர்' என்ற வார்த்தையைச் சேர்த்தது சார்தான்.

எங்கள் கேட்டில் வெளியாள் யார் வந்தாலும் செக்யூரிட்டி அவர் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். ஸ்டிக்கர் ரோல் தீர்ந்தால் புது ரோல் வரும்வரை நிற்க வேண்டும். கஸ்டமர் கம்பெனியில் இருந்து வழக்கமான ஆடிட்டுக்கு வந்த இன்ஜினியர் அன்று அப்படி நின்றார். மதுரைக்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். நின்ற இடத்துக்கு எதிரே போர்டு.

லைனுக்கு வந்ததும் அவர் பைலைத் திறக்கவே இல்லை.

"நேத்து ஓடின லாட்ல ஒரு பெட்டி எடுத்து, இந்தக் கேமராவுல விடுங்க மேடம்."

பிளான்ட் ஹெட் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். "சார், வீடியோ பாத்திருப்பீங்களே?"

"பாத்தேன் சார். நல்லா இருந்துச்சு. இப்ப பெட்டிய விடுங்க."

விட்டேன். சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. தள்ளிய பீஸ்களைக் கையில் எடுத்துப் பார்த்தார், நல்ல பீஸ். பச்சை எரிந்த பீஸை வெளிச்சத்தில் சாய்த்தார். குறுக்கே ஒரு கோடு.

"சார், எங்க ஆளு யாராவது உங்ககிட்ட ஏதாவது..." என்று பிரபாகர் சார் இழுத்தார்.

"கேட்லயே எழுதி ஒட்டியிருக்கீங்களே சார்" என்றார் அவர்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதை லெட்டர்ஹெட்டில் அடித்து ஒட்டிய இடத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பீஸ்களை அடுக்கினேன்.

கஸ்டமரிடம் கேமராவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நோட்டீஸ்கள் அன்று மாலையே காணாமல் போயின. ரகசியமே போன பிறகு யார் எழுதினால் என்ன என்று இசக்கிமுத்துவை லைனுக்குக் கூப்பிட்டார்கள், கன்ஃபர்மேஷனும் கொடுத்தார்கள். பிரபாகர் சார் மன்னிப்பு கேட்கவில்லை. "இனிமே செய்திக்குக் கீழ எதுவும் எழுதக் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஊரில் பூ வைத்தார்கள். கோமதி அவன் டேபிளுக்குத் திரும்பி வந்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். சந்தேகத்துக்கு மட்டும் சிவப்பு டேக் கட்டாதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து, பொய் பேசினால் கண்டுபிடிக்கும் ஏஐ மெஷின் என்று ஒரு செய்தி வந்தது. கேன்டீனில் கோமதிதான் கமெண்ட்டுகளை வாசித்தாள். முதல் கமெண்ட்டே, 'இதுக்கு எதுக்குங்க மெஷினு, கேட்டுல ஒரு நோட்டீஸ் போர்டு போதும்' என்று இருந்தது. எழுதியவர் பெயர் புதுசு. எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தோம். அவன் தலையைக் குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

நான் கேட்கவில்லை. அது இன்னமும் மஞ்சள் டேக்கில்தான் இருக்கிறது.