மெருகில் போன பேர்

ஓஹையோவில் எங்கள் முலாம் பட்டறையில் கார் பம்பர்களுக்குக் குரோம் போடுகிறவன் லைல். அவன் அப்பா, ஆரின் என்கிற கிழவன், வேட்டைக்குப் போனால் செத்த மானைச் சுமக்கத்தான் இவன். துப்பாக்கியைத் தொட்டால் அடி விழும். "உன் மூஞ்சிக்கு பம்பர் போதும்டா" என்பான் அந்தக் கிழவன்.

பக்கவாதத்தில் கிழவன் படுத்த வாரமே லைல் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, முலாம் உள்ளே இறங்காதபடி அப்போதைக்குக் குழல் வாயை அடைத்து, மெருகேற்றி, குரோம் போட்டான். கண்ணாடி மாதிரி மின்னியது. அதைக் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினான். எப்போதாவது எடுத்துப்போய், ஜன்னலுக்கு வெளியே பீர் டப்பாக்களைச் சுடுவான்.

நான் பார்க்கப் போன அன்று கிழவன் குழறினான்.

"இரும்புல என் பேரு வெட்டியிருந்துச்சே. எங்கடா?"

"மெருகு போட்டா தேஞ்சிரும்பா. சகஜம்தான்" என்றான் லைல்.

கிழவன் என்னைப் பார்த்தான்.

"ஆமா பெரியவரே, சகஜம்தான்" என்றேன்.

நானும் மெருகுச் சக்கரத்தில் நின்றே நரைத்தவன். அவ்வளவு ஆழமாக வெட்டிய எழுத்து மெருகில் போகாது. முதலில் அரத்தால் ராவித் தள்ள வேண்டும். லைலிடம் நல்ல அரம் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.