மூச்சு உள்ளவரை ஓடு

எங்கள் குடியிருப்புச் சங்கம் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு பனியன் கொடுத்தது. நடைப்போட்டி வருகிறதாம், உடல்நலம் பேணுவதற்காக. உறையைப் பிரித்ததும் நெஞ்சில் அச்சடித்த எழுத்துகளின் ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. சிலருக்கு மல்லிகை வாசத்தில் பழைய ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு வாய்த்தது ரப்பர்.

அந்த வாடை என்னை நேராகச் சென்னையை அடுத்த ஒரகடத்தில் கொண்டுபோய் இறக்கியது. டிப்ளமா முடித்த கையோடு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கார்க் கதவுகளுக்கு உள்பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தேன். பென்னலூரில் மாடியறை. உடன் தங்கியவன் இசக்கி, திருநெல்வேலிக்காரன், அதே கம்பெனி. அறையில் மூன்றாவதாக இன்னொருவரும் உண்டு: சின்ன வயதிலிருந்து என்னை விட்டுப் பிரியாத ஆஸ்துமா.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அக்கா. ஒருநாள் காலை படியேறி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, குக்கர் கிக்கர் வச்சிருக்கியா? விசில் சத்தம் கேட்டுக்கினே கீது."

"குக்கர் இல்லக்கா. என் நெஞ்சு."

அக்கா உடனே வைத்தியரானார். "மூச்சு வாங்கறவன் அசையவே கூடாதுப்பா. எங்க மச்சாண்டாரு அப்டித்தான் ஆடாம அசையாம குந்திக்கினு இருந்தாரு."

"இப்ப எப்படிக்கா இருக்காரு?"

"அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சே."

இசக்கி இதற்கு நேர் எதிர்க்கட்சி. எந்த நோயையும் தண்டால் எடுத்தே துரத்திவிடலாம் என்பது அவன் கொள்கை. "மூச்சு வாங்குனா வாங்கட்டும்லே. உன்கிட்ட கடனாவா கேக்கு?" என்று சொல்லித் தன் ஜிம்முக்கு இழுத்துப் போனான். நெடுஞ்சாலை ஓரத்தில், டயர்க் கடையை ஒட்டி, ஷட்டர் போட்ட ஒற்றைக் கூடம் அது. ஒவ்வொரு டிப்பர் லாரி போகும்போதும் ஒரு முறம் மண் உள்ளே வந்து விழும். அதற்கு மேல் வாலிபர்கள் அடித்துக்கொண்ட சென்ட் வாசனை வேறு. நான் கொஞ்சம் ஓடியதும் நெஞ்சு விசிலடித்தது. மாஸ்டர் பூரித்துப் போனார். "பாடி ரெஸ்பான்ஸ் குடுக்குது ப்ரோ, உட்றாத!" உடம்பு அன்று இரவு முழுக்க ரெஸ்பான்ஸ் கொடுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்துக் கம்பெனி கேன்டீனில் யோகா வகுப்பு. பினாயில் போட்டுத் துடைத்த தரை, நான்கு மூலையிலும் ஊதுவத்தி. "காற்றை ஆழமாக உள்ளே இழுங்கள்" என்றார் ஆசிரியர். பக்தியோடு இழுத்தேன். வந்தது காற்று இல்லை.

இப்படி என் உடற்பயிற்சி வாழ்க்கை தள்ளாடிக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்கு எங்கள் ஆரோக்கியத்தின் மேல் திடீர்க் காதல் பிறந்தது. மனிதவள மேலாளர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். "அடுத்த ஞாயிறு எல்லாரும் ஓடணும். நோ எக்ஸ்க்யூஸ். ஃபிட்டா இல்லாதவன் இங்க எதுக்கு?" பயிற்சித் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் நேரம் அது. ஓடாதவன் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று ஷிப்ட் பஸ் முழுக்கப் பேச்சு. ஊரில் அப்பா ஏற்கெனவே எல்லாரிடமும் "பெர்மனென்ட்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூக்கடைத்தவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்போது கொடுத்த பனியனில்தான் அந்த வாசகம் இருந்தது: 'மூச்சு உள்ளவரை ஓடு.' எழுதியவர் என்னை நினைத்து எழுதியிருக்க முடியாது.

மார்கழிப் பனி. அதோடு யாரோ எரித்த டயர்ப் புகை. தொழிற்பேட்டைச் சாலையில் மஞ்சள் பனியன்களாக ஓடினோம். மேலாளர் பின்னால் ஜீப்பில் மைக்கோடு வந்தார். "கமான், கமான்!" இன்ஹேலர் அறையில் இருந்தது, கம்பெனி தந்த கால்சட்டையில் பை கிடையாது. லாரித் தொழிற்சாலை மதில் வரை எப்படியோ போனேன். அங்கே எனக்கு மூச்சு தீர்ந்தது. அன்று ஓடியவர்களிலேயே பனியனில் எழுதியதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தவன் நான்தான்.

சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை. காற்று சுற்றிலும் இருக்கிறது, உள்ளே மட்டும் வர மறுக்கிறது. முன்னால் ஓடிய இசக்கி திரும்பி ஓடிவந்து, என்னைத் தரையில் படுக்க வைத்துக் காலைத் தேய்த்தான். காலுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தமோ!

"யோவ், படுக்க வைக்காதய்யா!"

எங்கள் லைனில் வேலை செய்த ஜோதி. வாலாஜாபாத் பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி. 'எனக்கு ஆஸ்துமா, பனியில ஓட முடியாது' என்று நேராகச் சொல்லிவிட்டு, சால்வையை மூக்கோடு சுற்றிக்கொண்டு ஓரமாக நடந்து வந்தவள். என்னை நிமிர்த்தி மதிலில் சாய்த்து உட்கார வைத்தாள். இடுப்புப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினாள்.

"நிமிந்து குந்துண்ணா. மூச்ச வெளிய உடு. இத்த வாயில வச்சிக்கினு மெதுவா இழு. அப்டியே நிறுத்து."

ஆம்புலன்ஸ் இருந்தது, ஆனால் போட்டி முடியும் இடத்தில், புகைப்படத்துக்காக நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் மூச்சு வந்ததும் இசக்கி ஓட்ட, நான் நடுவில், ஜோதி பின்னால் பிடித்துக்கொள்ள, யாரோ கொடுத்த பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மருந்துப் புகை பிடிக்க வைத்த பிறகு டாக்டரம்மா என் பனியனைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இனிமே எக்சர்சைஸே கூடாதா டாக்டர்?" என்றேன்.

"யார் சொன்னது? கட்டாயம் பண்ணணும். ஆனா பனியிலயும் புகையிலயும் இடைவிடாம ஓடறது உனக்கு ஆகாது. விட்டு விட்டு ஆடற ஆட்டமா பாரு. முதல்ல மெதுவா உடம்பைச் சூடுபடுத்து. தடுப்பு மருந்தைத் தினமும் இழு. நல்லா இருக்குன்னு நீயா நிறுத்தாத. இந்த நீலத்தை விட்டுட்டு எங்கயும் போகாத."

மறுநாள் மேலாளர் அழைத்தார். போகும்போதே ஊருக்குப் பஸ் ஏறும் காட்சி கண்ணில் ஓடியது. போவதுதான் போகிறோம், மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இன்ஹேலரை அவர் மேசைமேல் வைத்து, "எனக்கு ஆஸ்துமா சார்" என்றேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே நீலம்.

"வெளியில சொல்லிடாதீங்க" என்றார் மெல்ல. "எம்.டி. மாரத்தான் பைத்தியம்."

ஜீப்பில் வந்த மர்மம் அப்போது விளங்கியது.

ஜோதி சொன்ன யோசனையில், பொருள் கட்டும் பகுதியில் சும்மா கிடந்த கொட்டகையில் வலை கட்டி இறகுப்பந்து ஆடத் தொடங்கினோம். தூசி இல்லை, பனி இல்லை. மூச்சு வாங்கினால் யாரும் கேள்வி கேட்பதில்லை, பந்தை எடுக்கக் குனிந்தபடியே நின்றுகொள்ளலாம். சில வாரங்களில் மேலாளரும் வந்து சேர்ந்தார். புள்ளி போனால் மட்டும் அவருக்கு இருமல் வரும். ஜோதி விடமாட்டாள். "சார், இது வீசிங் இருமல் இல்ல. தோத்துட்ட இருமல்." நெஞ்சுகூட விசிலடிக்காமல் நான் வயிறு குலுங்கச் சிரித்தது அந்தக் கொட்டகையில்தான்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். ஒருநாள் மாலை ஜோதி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று பஸ்ஸில்தான் தெரிந்தது. மேலாளரிடம் கேட்டேன். "மேலிட முடிவு" என்றார், அந்த முறை உண்மையாகவே இருமிக்கொண்டு. அவரும் கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலானார். இசக்கி வளைகுடாவுக்குப் போனான். நானும் சில வருடங்களில் வேறு கம்பெனிக்கு மாறினேன். ஜோதியின் கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை.

போன மாதம் ஒரு வேலையாக அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவருக்குள் ரோபோக்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டிப்போன இளைஞர் பெருமையாகச் சொன்னார்: "ஒரு நிமிஷம்கூட நிக்காது சார். மூச்சே வாங்காது."